துர்கா கோச்சி பார்ப்பாளா?

ஒரு நாவலைத் திறந்த முதல் பக்கத்திலேயே ஒரு சின்னப் பெடியனோ பெட்டையோ வந்து நின்றால், அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. முப்பத்தெட்டு வயதாகிறது, இன்னும் அப்படித்தான். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் புத்தக அலுமாரியின் நடுத்தட்டு முழுக்க இந்தப் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சின்னப்பிள்ளையள் வாசிக்கிற புத்தகம்தானே" என்று கேட்பார்கள். இல்லை. இவற்றில் பாதியைச் சின்னப்பிள்ளைகள் கையில் கொடுக்க எனக்கே மனம் வராது. பிள்ளைகளைப் பற்றிய புத்தகமும் பிள்ளைகளுக்கான புத்தகமும் வேறு வேறு, சில நல்ல புத்தகங்கள் இரண்டுமாக இருந்துவிடுகின்றன, அவ்வளவுதான்.

ஏன் இவை இப்படிப் பிடித்து இழுக்கின்றன என்று நான் கனகாலம் யோசித்திருக்கிறேன். ஒரு நல்ல கதையில் வருகிற பிள்ளை, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டுப் போய்விடும். அதற்கு முழுதும் விளங்கியிருக்காது. விளங்காததால் அது எதையும் மறைக்காது, எதற்கும் சாக்குச் சொல்லாது. அந்தப் பிள்ளைக்குத் தெரியாத ஒன்று வாசிக்கிற எனக்குத் தெரிந்துவிடுகிற அந்தக் கணத்தில் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கும். அதற்காகத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

ஹார்ப்பர் லீ 1960இல் எழுதிய 'டு கில் எ மொக்கிங்பேர்ட்' நாவலில் ஓர் இடம். ஸ்கவுட்டும் அண்ணன் ஜெம்மும் பள்ளிக்கூடம் போய்வரும் வழியில் ஒரு மரம், அந்த மரத்தில் ஒரு பொந்து. யாரோ அதற்குள் இவர்களுக்காகச் சின்னச் சின்னப் பொருள்கள் வைக்கிறார்கள். சூயிங்கம், பழைய காசு, சவர்க்காரத்தில் செதுக்கிய இரண்டு பொம்மைகள், ஓடாத மணிக்கூடு ஒன்று. ஒருநாள் போய்ப் பார்த்தால் பொந்தைச் சீமெந்து பூசி அடைத்திருக்கிறார்கள். அன்று பின்னேரம் ஜெம் வெளியே தனியாக நின்றுவிட்டு உள்ளே வருகிறான், அவன் அழுதிருக்கிறான் என்பதை ஸ்கவுட் முகத்தைப் பார்த்துக் கண்டுகொள்கிறாள். ஏன் அழுதான் என்று அவளுக்குத் தெரியாது, அவள் நமக்குச் சொல்வதும் இல்லை. அந்தப் பொருள்களை வைத்தது யார், அந்த ஒரேயொரு வழியையும் அடைத்தது யார் என்று ஜெம்முக்கு விளங்கிவிட்டது, அதனால்தான் அவன் அழுதான் என்பதை வாசிக்கிற நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் முதல்தரம் வாசித்தபோது அதைக் கவனிக்காமலே கடந்து போனேன். இரண்டாம் தரம் வாசிக்கும்போது அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன்.

அதே நாவலில், கறுப்பினத்தவர் ஒருவரைச் சிறையிலிருந்து இழுத்துக்கொண்டு போக வந்த கூட்டத்துக்குள் ஸ்கவுட் ஓடிப்போய், தன் வகுப்புப் பெடியன் ஒருவனின் தகப்பனை அடையாளம் கண்டு, அவருடைய மகனைப் பற்றியும் வழக்கைப் பற்றியும் சாதாரணமாக விசாரிக்கத் தொடங்குவாள். அது கொலை செய்ய வந்த கூட்டம் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததால்தான் கதைக்க முடிந்தது, கதைத்ததால்தான் அந்த மனிதர் வெட்கப்பட்டுக் கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். அவளை விவரம் தெரிந்த பிள்ளையாக எழுதியிருந்தால் அந்தக் காட்சியே நடந்திருக்காது.

சரி, இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் படித்துக்கொள்ளவில்லை. நானே அப்படி ஒரு பிள்ளையாக இருந்திருக்கிறேன், அது எனக்குத் தெரியவந்ததும் ஒரு நாவலால்தான்.

தொண்ணூறுகளில், நாங்கள் சின்னப்பிள்ளைகளாக இருந்த காலத்தில், அம்மாவின் அறைக்கதவுக்குப் பின்னால் ஒரு மண்ணிறத் தோல் பை எப்போதும் இருந்தது. அதற்குள் எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், அப்பாவின் வேலைக் கடிதங்கள், வங்கிப் புத்தகம், கலியாணப் படம் ஒன்று, அப்புறம் எனக்கும் அக்காவுக்கும் ஒவ்வொரு சட்டை. ஒவ்வொரு வருசமும் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன்னர் அம்மா அந்தச் சட்டைகளை வெளியே எடுத்து, எங்களுக்கு அளவு பார்த்து, சின்னதாகிப் போயிருந்தால் வேறு புதுச் சட்டை வாங்கி மடித்து வைப்பார். பழையதை யாருக்காவது கொடுத்துவிடுவார். எனக்கு அது பெரிய மனக்குறை. புதுச் சட்டை ஒன்று வீட்டில் இருக்கிறது, அதை ஒருநாளும் போட விடுவதில்லை, போடாமலே சின்னதாகிவிடுகிறது. ஒருமுறை மஞ்சள் நிறத்தில், கழுத்தில் சின்னப் பூ வைத்துத் தைத்த சட்டை ஒன்று, அதற்காக நான் அழுதே இருக்கிறேன். அது நாங்கள் எங்கேயோ பயணம் போவதற்கான பை என்றும், அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் பயணம் பிந்திக்கொண்டே போகிறது என்றும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லா வீடுகளிலும் கதவுக்குப் பின்னால் அப்படி ஒரு பை இருக்கும் என்றும் நினைத்தேன். எங்கள் ஒழுங்கையில் பல வீடுகளில் இருந்தது என்பதைப் பின்னால் அறிந்தேன்.

இருபத்தொரு வயதில் ஒரு சிநேகிதியிடம் இரவல் வாங்கி 'ஃபன்னி போய்' வாசித்தேன். ஷியாம் செல்வதுரை 1994இல் வெளியிட்டது. கொழும்பில் பிறந்தவர், 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கனடாவுக்குப் போனவர். ஒன்றோடொன்று தொடுத்த ஆறு கதைகள், எல்லாவற்றிலும் ஆர்ஜி என்ற கொழும்புத் தமிழ்ப் பெடியன். தொடக்கத்தில் அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாச்சி வீட்டில் மச்சாள்மாரோடு சேர்ந்து கலியாண விளையாட்டு விளையாடுகிறான், அதில் சேலை உடுத்து மணப்பெண்ணாக வருவது அவன்தான். ஒருநாள் அதைப் பெரியவர்கள் காண்கிறார்கள், அதோடு எல்லாம் முடிகிறது. அதுவரைக்கும் அம்மா வெளிக்கிடும்போது கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அந்த அறைக்கதவும் சாத்தப்படுகிறது. ஏன் என்று கேட்கிறான், ஒருவரும் ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. இந்த முதல் கதையை நான் யாருக்கும் தயங்காமல் கொடுப்பேன். தன்னில் என்ன பிழை என்று தெரியாமல் தண்டனை வாங்குகிற ஒரு பிள்ளையை இவ்வளவு மெதுவாக, இவ்வளவு அன்பாக எழுதியதை நான் வேறெங்கும் வாசித்ததில்லை.

அந்தப் பிள்ளை வளர வளர ஊரும் மாறிக்கொண்டு வருகிறது. சிங்களவர் ஒருவரை விரும்பும் ராதா அன்ரி யாழ்ப்பாணத்திலிருந்து கோச்சியில், அதாவது ரயிலில், வரும்போது தாக்கப்பட்டுத் திரும்புகிறாள். கடைசிக் கதை நாட்குறிப்பாகவே இருக்கிறது, 1983 ஜூலை, திகதி போட்டு, நேரம் போட்டு. அவர்கள் வீடு எரிகிறது. அம்மாச்சியும் அப்பாச்சியும் காரோடு எரிக்கப்படுகிறார்கள். அதை வாசித்து முடித்தபோது விடியப்புறம் இரண்டு மணியிருக்கும். எழும்பிப் போய் அம்மாவின் அறைக்கதவுக்குப் பின்னால் பார்த்தேன். அந்தப் பை அப்போதும் இருந்தது. அது 2008. காலையில் அம்மாவிடம் கேட்டேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், "83இலை ஒண்டும் எடுக்க நேரமிருக்கேல்லை" என்று மட்டும் சொன்னார். என் பெற்றோர் அப்போது தெகிவளையில் வாடகை வீட்டில் இருந்தவர்கள், அக்கா கைக்குழந்தை, நான் பிறக்கவில்லை. இதற்கு மேல் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை, அப்பா வாயே திறந்ததில்லை. ஆனால் அந்த மஞ்சள் சட்டை என்னவென்று எனக்கு விளங்கிவிட்டது.

ஆர்ஜிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன். அவனுக்கு முன்னால் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் காலி வீதியும் கடற்கரைத் தண்டவாளமும் எங்கள் வீட்டுப் பேச்சும் ஒரு பிள்ளையின் கண்ணால் வந்ததில்லை.

இனிக் கொஞ்சம் வெளிச்சமான பக்கம். டெட்சுகோ குரோயானகி 1981இல் ஜப்பானில் வெளியிட்ட 'டோட்டோ-சான்', தமிழில் இந்தியாவின் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது, என் பிரதி அட்டை கழன்று ஒட்டுப்போட்டு இருக்கிறது. இது அவருடைய சொந்தக் கதை. மேசை மூடியைத் திறந்து திறந்து மூடுகிறாள், ஜன்னலில் நின்று தெரு வாத்தியக்காரரைக் கூப்பிடுகிறாள், குருவியோடு கதைக்கிறாள் என்று முதலாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு விலக்கிவிடுகிறார்கள். தாய் அதை மகளிடம் சொல்லவே இல்லை. வேறொரு பள்ளிக்கூடம் பார்த்து வைத்திருக்கிறேன், போவோமா என்று மட்டும் கேட்டிருக்கிறாள். மகளுக்கு இருபது வயதான பிறகுதான் உண்மை தெரியவந்தது. ஏழு வயதில் "உன்னை விலக்கிவிட்டார்கள்" என்று சொல்லியிருந்தால் அந்தப் புதுப் பள்ளிக்கூடத்துக்கு எந்த மனதோடு போயிருப்பாள்?

அந்தப் புதுப் பள்ளிக்கூடம் டொமோயே. பழைய கோச்சிப் பெட்டிகள்தான் வகுப்பறைகள். தலைமையாசிரியர் கோபயாஷி முதல்நாள் அவளை முன்னால் இருத்தி, உனக்கு என்னவெல்லாம் சொல்ல வேண்டுமோ சொல்லு என்று கேட்டுவிட்டு, நாலு மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு இடம் எனக்கு அதைவிடப் பிடிக்கும். டோட்டோ-சானின் பேர்ஸ் மலசலகூடக் குழிக்குள் விழுந்துவிடுகிறது, அவள் பெரிய அகப்பைபோல ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து குழியிலிருப்பதை வெளியே அள்ளிக் குவிக்கத் தொடங்குகிறாள். அந்த வழியால் வந்த கோபயாஷி என்ன செய்கிறாய் என்று கேட்கிறார், சொல்கிறாள். முடிந்தபிறகு எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய்தானே என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். ஏசவில்லை, உதவியும் செய்யவில்லை. பேர்ஸ் கிடைக்கவில்லை, ஆனால் அவள் அள்ளியது முழுவதையும் திரும்பப் போட்டு முடிக்கிறாள், அதில் அவளுக்கு ஒரு திருப்தி. நான் படித்த பள்ளிக்கூடம் ஒன்றில் கேள்வி கேட்டதற்காக வகுப்புக்கு வெளியே முழங்காலில் நின்றிருக்கிறேன், அதனால் இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். டொமோயே 1945இல் விமானக் குண்டுவீச்சில் எரிந்துபோனது.

தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது பூமணியின் 'வெக்கை', 1982இல் வந்தது. 'அசுரன்' படத்துக்கு மூலக்கதை என்று பலருக்குத் தெரியும், ஆனால் படத்தில் தகப்பன்தான் பெரிய ஆள், நாவல் முழுக்கச் சிதம்பரம் என்ற பதினைந்து வயதுப் பெடியனுடையது. அண்ணனைக் கொன்றவனின் கையை வெட்டப் போய், ஆளே செத்துப்போக, தகப்பனோடு காட்டுக்கும் மலைக்கும் ஓடுகிறான். கொலை முதல் பக்கங்களிலேயே முடிந்துவிடுகிறது. மிச்சம் முழுக்க எங்கே படுப்பது, என்ன சமைப்பது, எந்தக் கிணற்றில் தண்ணீர், எந்த மரத்தில் பழம். தகப்பன் மகனை ஒரு சொல் குறை சொல்வதில்லை. அவர்கள் காட்டுக்குள் உலை வைத்துச் சாப்பிடும் பக்கங்களை வாசிக்கும்போது எனக்கு உண்மையாகவே பசி எடுத்தது, எடுத்த கையோடு, கொலை செய்துவிட்டு வந்த பெடியன் இவன், இன்னும் மீசைகூட ஒழுங்காக வந்திருக்காது என்று ஞாபகம் வந்தது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யும் அப்படித்தான், கவுண்டர் வீட்டில் பண்ணயத்துக்கு விடப்பட்டு ஆடு மேய்க்கிற கூளையனின் கதை. அவனுக்கு ஒவ்வொரு ஆட்டின் குணமும் தெரியும். தன்னை ஏன் இப்படி நடத்துகிறார்கள் என்பதை அவன் கேள்வியாகக்கூடக் கேட்பதில்லை, கேட்காமல் இருப்பதுதான் வாசிக்கிற எங்களுக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

பிள்ளையை வைத்து எழுதினாலே நல்லதாகிவிடும் என்று இல்லை. பிள்ளையின் வாயில் பெரியவரின் தத்துவத்தைத் திணித்து எழுதுகிற கதைகள் நிறைய இருக்கின்றன, ஆறு வயதுப் பிள்ளை வாழ்க்கையைப் பற்றி அழகான வசனம் பேசும், எல்லோரும் கண்கலங்குவார்கள். அப்படிப் பேசுகிற ஆறு வயதுப் பிள்ளையை நான் கண்டதில்லை. நான் கண்ட பிள்ளைகள், செத்த வீட்டில் நின்று வடை எப்போது தருவார்கள் என்று கேட்பவர்கள். அதை எழுதத் தைரியம் வேண்டும்.

இப்போது என் அக்காவின் மகனுக்கு வருகிறேன், பன்னிரண்டு வயது. அவனுக்குப் புத்தகம் பிடிக்க வைத்தது மார்ட்டின் விக்கிரமசிங்க. 'மடோல் தூவ' 1947இல் சிங்களத்தில் வந்த நாவல். எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பதால், இரவில் கரண்ட் வெட்டிய காலத்தில், டோர்ச் வெளிச்சத்தில் சிங்களத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்லிச் சொல்லி அவனுக்கு வாசித்தேன். அப்போது அவனுக்கு எட்டு, ஒன்பது வயதிருக்கும். தாயை இழந்து சிற்றன்னையோடு வளர்கிற உபாலி, வீட்டு வேலைக்கு நிற்கிற ஜின்னா, இரண்டு பேரும் சேர்ந்து செய்யாத குழப்படி இல்லை. ஊரைவிட்டு ஓடி, கடைசியில் வாவிக்கு நடுவே ஆளில்லாத தீவில் காட்டை வெட்டித் தோட்டம் செய்கிறார்கள். தீவில் இரவில் தெரிகிற நெருப்பைப் பேய் என்று பயப்படுகிற இடத்தில் இவன் என் கையைப் பிடித்த பிடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு கட்டத்தில் நான் சொல்லின் அர்த்தம் யோசித்து நின்றால், "நிப்பாட்டாதேங்கோ சின்னம்மா" என்பான்.

வாசித்து முடித்ததும் அந்தத் தீவைப் பார்க்க வேண்டும் என்று ஒரே ஆக்கினை. பெற்றோல் பிரச்சினையெல்லாம் கொஞ்சம் அடங்கிய பிறகு, கடற்கரைப் பாதைக் கோச்சியில் கொக்கலைக்குப் போனோம். விக்கிரமசிங்க 1890இல் பிறந்த ஊர் அது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படைத் தளத்துக்காக அந்த ஊர்ச்சனத்தையே எழுப்பி வீடுகளை இடித்தபோது, அவருடைய வீடு மட்டும் தப்பியது, இப்போது அது அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. பிறகு வாவியில் படகு. படகுக்காரர் கண்டல் மரங்கள் அடர்ந்த ஒரு திட்டைக் காட்டி அதுதான் என்றார். இவன் கனநேரம் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "இவ்வளவு சின்னனோ?" என்றான். ஏமாற்றமாக இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். "அவங்களுக்கு அது பெரிசாத்தானே இருந்திருக்கும்" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை, படகுக்காரரிடம் இன்னொரு சுற்றுப் போகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவன் தானாகவே வாசிக்கத் தொடங்கிவிட்டான். சனிக்கிழமைகளில் ரியூஷன் முடிய நேரே தமிழ்ச் சங்க நூலகத்துக்கு வருவான், நான் வேலை முடிந்து வரும்போது ஒரு மூலையில் இருப்பான். என் நடுத்தட்டில் எதைத் தரலாம், எதை இன்னும் இரண்டு வருசம் பொறுக்கலாம் என்று நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். ஐத்மாத்தவின் 'வெள்ளைக் கப்பல்' பொறுக்க வேண்டிய பக்கத்தில் இருந்தது. கிர்கீசிய மலைக்காட்டில் தாத்தாவோடு இருக்கிற ஏழு வயதுப் பெடியன், பெயர்கூட இல்லை, தூரத்து ஏரியில் போகிற கப்பலைத் தொலைநோக்கியால் பார்த்து, அதில்தான் அப்பா வேலை செய்கிறார் என்றும், தான் மீனாக மாறி நீந்திப் போய்விடலாம் என்றும் நினைக்கிறான். அதன் முடிவை நான் இன்னும் இரண்டாம் தரம் வாசிக்கவில்லை. 'பதேர் பாஞ்சாலி'யும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் நாவல், 1929இல் வங்காளத்தில் புத்தகமாக வந்தது, நான் வைத்திருப்பது ஆர். சண்முகசுந்தரத்தின் தமிழ். சத்யஜித் ரேயின் படத்தில் அக்கா துர்காவும் தம்பி அபுவும் வெள்ளைப் பூக்கள் நிறைந்த வெளியில் ஓடிப்போய்க் கோச்சியைப் பார்க்கிறார்கள், உலகமே அந்தக் காட்சியைக் கொண்டாடியது. நாவலில் அப்படி இல்லை. இரண்டு பேரும் தண்டவாளம் தேடிப் போய் வழி தவறித் திரும்பி வருகிறார்கள். காய்ச்சலில் கிடக்கும்போது துர்கா தம்பியிடம், சுகமானதும் எனக்கு ஒருநாள் கோச்சி காட்டுவாயா என்று கேட்கிறாள். அவள் கோச்சியைப் பார்ப்பதில்லை. களவெடுத்தாள் என்று அவள் அடிவாங்கக் காரணமான சின்னப் பொன் சிமிழை, அவள் போன பிறகு அபு வீட்டுக்குள் கண்டெடுத்து, யாருக்கும் காட்டாமல் மூங்கில் காட்டுக்குள் எறிந்துவிடுகிறான். ஏன் என்று அவனும் சொல்வதில்லை, விபூதிபூஷணும் சொல்வதில்லை.

போன கிழமை அலுமாரியைப் பார்த்தால் அந்த இடம் வெறுமையாக இருந்தது. கேட்டேன். தான்தான் எடுத்தேன் என்றான், கேட்காமல் எடுத்தது பிழையோ என்றும் கேட்டான். பிழையில்லை அப்பன் என்றேன்.

நேற்றுப் பின்னேரம் பல்கனியில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டுக்குக் கோச்சிச் சத்தம் நன்றாகக் கேட்கும், கடற்கரைப் பக்கம் ஏதோ ஒன்று போனது, அவன் தலையை நிமிர்த்தி அந்தப் பக்கம் பார்த்தான். விரலைப் பக்கத்தில் வைத்தபடியே கேட்டான்.

"சின்னம்மா, துர்கா கோச்சி பாப்பாளோ?"

வாசி என்றேன். உள்ளே போய்ப் பிளேன்ரீ போட்டேன், அவனுக்கும் சேர்த்து.